கொதிநீரில் கரைத்த பொடி

வளர்ப்பு மீனுக்குத் தீனி போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாளியோடு கரைக்கு வந்தாலே குளம் கொந்தளிக்கும். எல்லாரும் அவளைத் தீவனக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். சுறுசுறுப்புக்குக் குறைவில்லை, பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. அதுதான் குடியைக் கெடுத்தது.

பக்கத்துக் குளங்களில் புண் நோய் பரவிய நேரம். மீன் மருந்துக்கடை வைத்திருந்த அவள் தம்பி ஒரு பொடி கொண்டுவந்தான். அதில் நல்ல கிருமிகள் உயிரோடு இருக்கின்றன, மீன் குடலில் குடியேறினால் தின்றது உடம்பில் ஒட்டும், நோயும் லேசில் அண்டாது என்றான். வெல்லத் தண்ணீரில் ஊறவைத்துத் தீனியில் பிசையச் சொன்னான். அவள் புருஷன் அரைமனசாகத் தலையாட்டினான்.

பனிக்காலம், வெல்லம் கரைய மாட்டேன் என்றது. இந்த அவசரக்காரி என்ன செய்தாள் தெரியுமா? டீக்கு வைத்த கொதிநீரை மடமடவென்று ஊற்றி, பொடியையும் கொட்டிக் கலக்கினாள். தினமும் அப்படித்தான்.

குளத்தில் மீன்கள் புண்ணோடு செத்து மிதந்தன. மச்சான் என்று நம்பினேனே, வெறும் மாவை மருந்தென்று தலையில் கட்டிவிட்டானே என்று புருஷன் கடைத்தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தான். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள். தம்பி கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினான்.

கடைசியில் அவனே புதுப் பொட்டலத்தோடு வந்து நின்றான். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினான். அவள் வழக்கம்போல அடுப்பிலிருந்து கொதிநீரை இறக்க, அவன் சட்டென்று கையைப் பிடித்தான்.

"போன தடவையும் இப்படித்தானாக்கா?" என்று மெல்லக் கேட்டான். "அக்கா, அது உயிருள்ளது. வெந்துபோயிருக்கும்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் புருஷன் உள்ளே வந்து, அன்றைக்குக் கொடுத்தது கெட்டுப்போன சரக்குதானே என்று மச்சானை மடக்கினான்.

தம்பி அக்கா பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா மாமா, கெட்ட சரக்குதான்," என்றான்.

அவள் கொதிநீரை ஓரமாக ஆறவிட்டாள். ஆறிய தண்ணீரில் கரைத்த புதுப் பொடியைத் தின்று, மிச்ச மீன்கள் தேறிப் பெருத்தன. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாவி, கூடப்பிறந்தவனைத் திருடனாக்கிவிட்டேனே என்று மனசு அறுத்தது. ஒருநாள் புருஷனுக்குச் சோறு போடும்போது சொல்லியேவிட்டாள்.

"ஏங்க, அவன் குடுத்தது நல்ல பொடிதான். நான்தான் கொதிக்கிற தண்ணிய ஊத்திக் கொன்னுட்டேன்."

அவன் சிரித்தான். "தம்பிக்கு வக்காலத்து வாங்குறியா? அவனே ஒத்துக்கிட்டான், நீ என்ன புதுசா கதை விடுற?"

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். அவள் போட்டாள்.