தூங்குகிறவர்களுக்கு எட்டுக் கோயில்

மினெகிஷி கெய்சோ யோகோசுகாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் வரலாறு நடத்தினார். நடத்தினார் என்பதற்குப் பள்ளிப் பதிவேடு சாட்சி. யாராவது கேட்டார்களா என்பதற்குச் சாட்சி கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பாடவேளை எந்த வருஷமும் அவர் தலையில்தான் விழும். அவருடைய குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஐந்தாவது நிமிஷத்தில் ஜன்னலோர வரிசை சாயும், பத்தாவது நிமிஷத்தில் நடுவரிசை. யாரையும் அவர் எழுப்ப மாட்டார். அதற்காகப் பாடத்தை நிறுத்தவும் மாட்டார். ஆனாலும் விளையாட்டு விழா, நிலநடுக்க ஒத்திகை, தலைமையாசிரியரின் நீண்ட உரை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருக்கும். காமாகுராவை ஆண்ட ஹோஜோ வம்சத்துப் பதினாறு பேரையும் வரிசையாகச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு வருஷமும் வாய்த்ததில்லை. பத்துப் பதினொன்றிலேயே மணியடித்துவிடும்.

ஓய்வு பெற்றதும் வீட்டில் சொல்லிப் பார்த்தார். மனைவி நோபுயோ மூன்றாவது ஆளிடமே கையெடுத்துத் தடுத்துவிட்டாள்.

"என்னங்க, இதையெல்லாம் காசு குடுத்துக் கேக்கறதுக்கு ஆள் இருக்காங்களாம். அங்க போய்ச் சொல்லுங்க."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். மினெகிஷிக்குக் கிண்டல் எப்போதும் ஒரு மாதம் கழித்துத்தான் புரியும். அதற்குள் அவர் வாடகை வண்டி ஓட்டும் உரிமத்துக்கு இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறிவிட்டார். யோகோஹாமாவில் வெளிநாட்டாருக்குத் தனி வண்டிச் சுற்றுலா நடத்தும் ஒரு சின்ன நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு வண்டி, ஒரு விருந்தாளி, ஒரே நாளில் கடலோர ஊர்கள், எட்டுக் கோயில்கள். நேர அட்டவணையை அவரே நிமிஷக் கணக்கில் போட்டு, நெகிழியில் பொதிந்து, வண்டியின் முன்னால் மாட்டினார். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு வரைபடம், ஒரு வம்சாவளி.

முதல் இரண்டு மாதம் வந்தவர்கள் படம் எடுத்தார்கள், பனிக்கூழ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். வம்சாவளியை வாங்கி விசிறிக்கொண்டவர்களும் உண்டு.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கோதெலீவ் வந்தார். பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துக்காரர். ரொட்டிக்கடை வைத்திருக்கும் பெண்மணி. அறுபது வயது நிறைவுக்குப் பிள்ளைகள் இந்தச் சுற்றுலாவை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு விடுதி வாசலில் ஏறினார், கைகுலுக்கினார். வண்டி யோகோஹாமாவைத் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

முதலில் மினெகிஷி கவனிக்கவில்லை. காமாகுரா ஆட்சியை நிறுவிய யோரிதோமோ படைதிரட்டியதை ஆரம்பித்து, அவர் தோற்று ஓடியதுவரை வந்து, "இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும்" என்று கண்ணாடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழகிய காட்சி. அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

காமாகுராவில் முதல் கோயிலின் வண்டி நிறுத்துமிடத்தில் கொஞ்சம் சத்தமாக இருமினார். கதவைத் திறந்து ஒருமுறை அடித்துச் சாத்தினார். பலனில்லை. வண்டிகளுக்குக் கொடி காட்டும் கனெசாகி ஓடிவந்து கண்ணாடிவழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, உசுரோட இருக்காங்களா?"

"குறட்டை கேக்குதே."

"எழுப்பிவிட வேண்டியதுதானே?"

"விருந்தாளியை எப்படிப்பா தொட்டு எழுப்பறது?"

அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். பொறுப்பாளர் ஹொத்தா பதற்றமாகச் சொன்னாள். "எழுப்பிடாதீங்க சார். போன மாசம் ஒருத்தரை எழுப்பி, அவங்க ஒரு நட்சத்திரம் போட்டுட்டாங்க."

"அப்ப கோயில்?"

"அட்டவணைப்படி போங்க. நம்ம மேல தப்பு வரக் கூடாது."

அட்டவணைப்படியே போனார். வண்டியை நிழலில் நிறுத்தி, குளிர்காற்றை ஓடவிட்டு, கனெசாகியைக் காவல் வைத்துவிட்டு, கோதெலீவுக்காக வாங்கியிருந்த முத்திரைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியேறினார். கும்பிட்டவர்களுக்குத்தான் கோயில் முத்திரை. முத்திரை எழுதும் பிக்கு புத்தகத்தைத் திறந்து பார்த்தார். முதல் பக்கத்தில் வெளிநாட்டுப் பெயர்.

"இவங்க எங்க?"

"வண்டியில இருக்காங்க."

"நடக்க முடியாதவங்களா?"

"தூங்கறாங்க. அவங்களுக்கும் சேத்து நானே கும்பிட்டுட்டேன்."

பிக்கு தூரிகையை மையில் தோய்த்தார். "நேர்ல வந்தவங்கள்லயும் பாதிப் பேர் தூக்கந்தான்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார்.

பெரிய புத்தரின் முன்னாலும் மினெகிஷி தனியாகத்தான் நின்றார். ஹாசேயின் பதினொரு தலைக் கருணைத் தெய்வம் கன்னோனையும், எனோஷிமா தீவில் வீணையோடு உட்கார்ந்திருக்கும் பென்சாய்தென் அம்மனையும் கோதெலீவ் சார்பில் தரிசித்தார். அந்தத் தீவின் படிகள் முழங்காலைப் பதம் பார்த்தன. ஆனால் இடையிடையே வண்டி ஓடும்போதெல்லாம் பேசினார். காசு வாங்கியாயிற்று, பேசாமல் இருப்பது நேர்மையல்ல என்பது அவர் கட்சி. கடற்கரைச் சாலையில் ஒருபக்கம் அலைச்சறுக்குக்காரர்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்க, ஒன்பதாவது ஆட்சியாளரைக் கடந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மணியடிக்கவில்லை. ஸுஷி ஊரின் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது பதினாறாமவர் பதவியேற்றார், வெளியே வரும்போது அந்த வம்சமே தீக்குளித்து முடிந்துவிட்டது. மினெகிஷி ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் குறட்டை சீராக இருந்தது.

ஹாயாமாவில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் இருக்கிற கோயிலின் பக்கத்தில், ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கி பாட்டுப் போட்டது. கோதெலீவ் விழித்தார்.

"எங்க இருக்கோம்?"

"எட்டாவது கோயில்."

"மத்த ஏழு?"

மினெகிஷி முத்திரைப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டி, தலையைத் தாழ்த்தினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்துக் காதைக் கொடுத்தபடி நின்றார். கோதெலீவ் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"முப்பத்தெட்டு வருஷமா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசையறேன். பகல்ல படுத்தா யாராவது கதவைத் தட்டுவாங்க. இன்னிக்கி ஒருத்தரும் தட்டலை. நடுநடுவுல முழிப்பு வந்துச்சு. நீங்க பேசிட்டே இருந்தீங்க. யாரோ செத்தாங்க, யாரோ பட்டத்துக்கு வந்தாங்க. சரி, எல்லாம் அதுபாட்டுக்கு நடக்குதுன்னு மறுபடியும் தூங்கிட்டேன்."

பிறகு இரண்டு பேரும் துறைமுகத்துக் கடையில் நெத்திலிக் குஞ்சு போட்ட சோறு சாப்பிட்டார்கள். கோதெலீவ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ஹொத்தா தொலைபேசியில் குதித்தாள். கோதெலீவ் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: 'ஒரு கோயிலையும் பார்க்கவில்லை. வாழ்க்கையிலேயே மிக நல்ல நாள். வழிகாட்டியின் குரல் கூரைமேல் பெய்யும் மழை.'

ஆகஸ்டுக்குள் பதினான்கு பேர் பதிவு செய்தார்கள். செவிலிகள், கைக்குழந்தைக்காரிகள், விவாகரத்து வழக்கு நடக்கிற ஒரு வழக்கறிஞர். எல்லாரும் கேட்டது ஒன்றே, மினெகிஷிதான் வேண்டும். நிறுவனம் தலையணையும் போர்வையும் வாங்கிப்போட்டு, 'எட்டுக் கோயில் ஓய்வுப் பயணம்' என்று பெயரும் வைத்தது.

"இது அவமானம்" என்றார் மினெகிஷி. "நான் என்ன தாலாட்டுப் பாடறவனா?"

"அப்படின்னா பேசாம ஓட்டுங்க சார்."

"பேசாம எப்படி ஓட்டறது?"

"அதான் சார் நாங்களும் சொல்றோம். ஒரு வருஷத்தைக்கூட விடாம சொல்லுங்க. வேகமா மட்டும் சொல்லிடாதீங்க."

நோபுயோ இதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "முப்பது வருஷமா எனக்கு மாத்திரை இல்லாமத் தூக்கம் வருதே, ஏன்னு நெனச்சீங்க?"

மினெகிஷி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதனால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையை விடவும் இல்லை. வாரத்தில் நான்கு நாள், யாரும் குறுக்கிடாமல், யோரிதோமோவிலிருந்து தீக்குளிப்புவரை முழுசாக நடத்த இதைவிட நல்ல வகுப்பு எங்கே கிடைக்கும்? புதிதாகக் குறிப்புகள் எடுத்தார். கிளைவம்சங்களையும் சேர்த்தார்.

அக்டோபரில் ஊர்ஸ் வந்தார். சுவிட்சர்லாந்தில் ரயில்களுக்குக் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு ஒன்றரை வருஷமாகத் தூக்கம் பிடிக்கவில்லையாம். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பிங்க" என்றார்.

வடகாமாகுராவில் எட்டாவது ஆட்சியாளர் தோகிமுனே கட்டிய மடத்தைக் கடக்கும்போது மினெகிஷி வழக்கம்போலச் சொன்னார். "ஆயிரத்து இருநூத்து அம்பத்தொண்ணுல பொறந்தார். எம்பத்துநாலுல காலமானார். வயசு முப்பத்துநாலு."

பின்னாலிருந்து குரல் வந்தது. "முப்பத்துமூணுதானே வருது?"

வண்டி ஒரு கணம் தள்ளாடியது. மினெகிஷி ஓரம்கட்டி நிறுத்தினார். இந்த ஒரு கேள்விக்காக அவர் முப்பத்தாறு வருஷம் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசியிருக்கிறார். திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்துல பொறந்த அன்னிக்கே ஒரு வயசு. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒண்ணு கூடும்."

ஊர்ஸ் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "அப்ப டிசம்பர் கடைசி நாள்ல பொறந்தவன்?"

"மறுநாளே ரெண்டு வயசு!"

"அப்படின்னா பட்டத்துக்கு வந்த வயசெல்லாம் தப்பாத்தானே இருக்கும்? எழுதிக் காட்டுங்க."

வம்சாவளித் தாளின் பின்பக்கம் நிரம்பியது. அன்று அட்டவணை சிதைந்தது. எட்டுக் கோயிலில் மூன்றுதான் பார்த்தார்கள். அந்த மூன்றிலும் கல்வெட்டு கல்வெட்டாகக் குனிந்து, கூட்டிக் கழித்து, இருட்டும்வரை சண்டை போட்டார்கள். விடுதி வாசலில் ஊர்ஸ் இறங்கும்போது அவர் கண்கள் பளபளவென்று இருந்தன.

மூன்றாம் நாள் ஹொத்தா கூப்பிட்டாள். குரலில் கோபம்.

"என்ன சார் பண்ணினீங்க? புகார் வந்திருக்கு. பாதிப் பணத்தைத் திருப்பிக் கேக்கறாரு."

"என்ன எழுதியிருக்கார்?"

அவள் வாசித்தாள். 'தூங்குவதற்காகப் பதிவு செய்தேன். ஒரு நிமிஷம்கூடத் தூங்க முடியவில்லை. அன்று இரவும் அதையே யோசித்துக்கொண்டு விழித்திருந்தேன். வழிகாட்டியின் பேச்சு அளவுக்கு மீறிச் சுவாரஸ்யமாக இருந்தது. விளம்பரத்துக்கு இது முற்றிலும் மாறானது. இரண்டு நட்சத்திரம்.'

மினெகிஷி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்று, எதிரே இருந்த சுவருக்கு இடுப்பு மடியக் குனிந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. பெரிய தப்பு நடந்துபோச்சு."

"இனிமே இப்படி நடக்காதுன்னு எழுதிக் குடுக்கணும் சார்."

"குடுத்துடறேன்" என்றார். அவர் காதுமடல் சிவந்திருந்தது. "ஆனா, ஹொத்தா அம்மா, நடுவுல ஒரு வரி சரியாக் காதுல விழலை. மறுபடி ஒரு தடவை படிங்க. கொஞ்சம் சத்தமா. என் பெண்டாட்டி அடுக்களையில இருக்கா."