வஞ்சிரத்தோடு ஒட்டிய கட்டைவிரல்

என் அப்பா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர். ஏலத்தில் யாரிடமாவது மீனை வாங்கிக்கொண்டு, வெட்டித் தரச் சொல்லி இவரிடம் வருவார்கள். வருகிற எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான்: கொஞ்சம் கண் அசந்தால் மீனை மாற்றிவிடுவார்கள். அதனால் அப்பா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். கைக்கு வந்த மீனைத் துண்டு போட்டுத் திருப்பித் தரும்வரை கீழே வைக்கமாட்டார், வேறு யாரையும் தொடவும் விடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிக்கும் அம்மாவுக்கே அனுமதி இல்லை. என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். ரத்தத்தை நிறுத்தும் பொடி செய்கிறோம். ஹைட்ரோஜெல்லோடு கண்ணுக்குத் தெரியாத களிமண் துகள்களைக் கலந்தது. காயத்தில் தூவினால் ரத்தத்திலிருக்கும் நீரை உறிஞ்சி, ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பி, ஈரத் தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். களிமண் ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும். மனிதர்கள்மேல் போட இன்னும் அனுமதி இல்லை, மீன் தோலில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தோலுக்கு வேறு எங்கே போவேன்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பொடி டப்பாவோடு அப்பாவிடம் போய் நிற்பேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. "கத்தி படாம பாத்துக்குங்க, பட்டா ரத்தம் லேசுல நிக்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார், மீன் வெட்டுகிறவரிடம்.

அந்த ஞாயிறு எம்.கே.பி. நகரிலிருந்து ஒருவர் கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தோடு வந்தார். மதியம் சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்களாம். அப்பா வயிற்றைக் கீறும்போது கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது. வெட்டுக்கட்டை முழுக்க ரத்தம்.

"நைனா, மீன வுடு" என்றேன்.

"கஸ்டமரு எதுருல நின்னுகினு கீறாரு" என்றார் அப்பா.

எந்தக் காயமானாலும் அம்மா காபிப் பொடிதான் அப்புவார். அங்கே காபிப் பொடி இல்லை, என் டப்பா இருந்தது. நான் தடுப்பதற்குள் அம்மா மொத்தத்தையும் விரல்மேல் கவிழ்த்துவிட்டார். பொடி உப்பி, அப்பாவின் விரலையும் வஞ்சிரத்தின் வயிற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

ஆட்டோவில் ஏறினோம். மீனின் சொந்தக்காரரும் ஏறிக்கொண்டார். "என் மீனு எங்க போவுதோ நானும் அங்க வருவேன்" என்றார். அப்பா அதுதான் நியாயம் என்று தலையாட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "பேஷண்டுக்குத் துணையா ரெண்டு பேருதான்."

"அவங்க ரெண்டு பேரும் அவருக்கு. நான் மீனுக்கு" என்றார் சொந்தக்காரர். வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்துவிட்டு வழிவிட்டார்.

பொடி என்னவென்று உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு விளக்கினேன். அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப பிச்சா மறுபடி பீறிட்டு வரலாம். கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அப்பா வஞ்சிரத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் செத்துப்போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆய்வகத்தில் எத்தனையோ முறை பார்த்த பொடிதான், அந்தப் பெஞ்சில் எனக்கு அதன்மேல் துளி நம்பிக்கை இல்லை. பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன் போட்டு, "எதுக்கும் சாம்பாரு வெச்சிரு" என்றார்.

அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்ததும், உப்புநீர் ஊற்றினால் பிடி விடும் என்று சொன்னேன். டாக்டரம்மா ஊற்றினார். மீன் கழன்றது. விரலையே எல்லோரும் பார்த்தோம். ரத்தம் வரவில்லை.

"தையல் போடணும். மீன அவர்கிட்ட குடுத்துட்டுப் படுங்க" என்றார் டாக்டரம்மா.

"இன்னும் வெட்டலையே" என்றார் அப்பா. சொந்தக்காரரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மீனை நீட்டினார். "பாப்பா, நீ புடி. கீழ வெச்சிடாத."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அழுகை வந்தது, துடைக்கக் கை இல்லை. தையல் முடியும்வரை மீனின் சொந்தக்காரர் என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.