தெரியும் முன்பே லட்டு

மனைவி கர்ப்பம் என்றதும் எங்கள் இருவருக்குமே எச்.ஐ.வி. பரிசோதனை எழுதினார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனை பெஞ்சில், எனக்கு ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் கம்பெனிச் சீருடையில் ஒருவர். கதவு திறக்கும்போதெல்லாம் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். திடீரென்று லட்டு டப்பாவை நீட்டினார்.

“ரிசல்ட் வந்துடுச்சாண்ணே?”

“இன்னும் இல்லப்பா. போன தபா இல்லன்னுதான் வந்துச்சு. ஆனா கிருமி பூந்த புதுசுல டெஸ்ட்ல தெரியாதாம். மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. பயந்துகினே கெடந்தேன்.”

“அப்போ லட்டு?”

“இன்னியோட தெரிஞ்சுடும்ல? இருந்தா மாத்திர கீது. இந்த பயம் வுட்டுச்சே, அதுக்குத்தான்.”

அழைத்ததும் தலையை வாரிக்கொண்டு போனார். திரும்பியபோதும் அதே முகம்தான்; என்ன முடிவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மீதி லட்டை என் மனைவி மடியில் வைத்துவிட்டு நடந்தார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கையாலேயே தலையை வாரிக்கொண்டு எழுந்தேன்.