டீக்கடைக்குப் பின்னால் ஒரு கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் எனக்குக் கடலைப் பார்த்த மாதிரி ஒரு டீக்கடை. இப்போதும் அதே கடைதான்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட மூத்தவர், தனிக்கட்டை. மனைவி போன பிறகு கருவாடுதான் அவருக்குத் துணை. அதை என் பெஞ்சுக்கு நேர் எதிரேதான் காயப்போடுவார். மாமல்லபுரம் பார்க்க வந்தவர்கள் டீ கிளாஸைத் தூக்குவார்கள், மூக்கைச் சுளிப்பார்கள், கிளாஸை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஊரே கேட்கக் கத்தினேன்.

"இன்னொரு வாட்டி இங்க காயப்போட்டின்னா, கைய ஒட்ச்சி மண்ணுல பொதச்சிடுவேன்!"

"அதுவரைக்கும் என் கை இன்னா பூப்பறிச்சிகினு இருக்குமா?" என்றார் அவர்.

அந்த வாரமே ஆளைக் காணோம். வீடு பூட்டிக் கிடந்தது, போனும் போகவில்லை. கருவாட்டு வாடை நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்கு வியாபாரம் கூடியது.

ஒரு மாதம் போயிருக்கும். பந்தல் போடலாமென்று கடைக்குப் பின்னால் கம்பு நட என் மனைவியின் தம்பியைக் குழி தோண்டச் சொன்னேன். கடப்பாரையைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு வந்தான். எட்டிப் பார்த்தேன். ஐந்து விரல் எலும்பு, காய்ந்த தோல் ஒட்டிக்கொண்டு, மண்ணிலிருந்து என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா, சொன்னத செஞ்சிட்டியா?" என்றான் அவன்.

ஊர் கூடிவிட்டது.

"ஒரு மாசத்துல எலும்பாயிடுமா?"

"உப்பு மண்ணாச்சே, சீக்கிரம் அரிச்சிடும்."

"அவரு கையேதான். வெரல் நீளத்தப் பாரு, சீட்டாடுற கை."

என் மனைவி ஒருத்திதான் எனக்காகப் பேசினாள். "இந்த மனுசனுக்கு அவ்ளோ தெகிரியம் ஏது?"

எஸ்.ஐ. வந்தார். யாரும் குழியைத் தொடக்கூடாது என்றார். என்னை என் பெஞ்சிலேயே உட்கார வைத்தார். "கைய ஒடிச்சிப் புதைப்பேன்னு சொன்னது நீதானா?"

"அது சும்மா வாய்ப்பேச்சு சார்."

"குழியில கெடக்கிறது வாய்ப்பேச்சு இல்லையே."

அன்று மதியம் வரை, எந்த மனுஷனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருமோ, அந்த மனுஷன் உயிரோடு இருக்கவேண்டுமென்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

செங்கல்பட்டிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். எலும்பைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வதுதான் அவர் படிப்பு என்றார்கள். குழி ஓரம் மண்டியிட்டு, சின்ன பிரஷ்ஷால் மணலைத் தள்ளித் தள்ளி நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "ஐயா, உங்க கையைக் கொஞ்சம் குடுங்க" என்றார். விலங்குதான் மாட்டப் போகிறார்கள் என்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டிவிட்டேன்.

"ஒண்ணு போதுங்க."

என் கையை அந்த எலும்புக்குப் பக்கத்தில் வைத்தார். "நம்ம மணிக்கட்டு எலும்பெல்லாம் கூழாங்கல் மாதிரி இருக்கும். இது வடை தட்டின மாதிரி தட்டையா இருக்கு பாருங்க. நீந்துற கை. கடல் ஆமையோட முன்துடுப்பு." எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "யாரோடதுன்னு அப்புறம் கேக்கலாம் சார். மனுஷனோடதான்னு முதல்ல கேக்கணும். இங்க யாராவது ஆமையைப் புதைச்சாங்களா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. முந்தின வருடம் தை மாதம் ஒரு ஆமை செத்துக் கரை ஒதுங்கியது. நாற்றம் தாங்காமல் கடையிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கம் இழுத்துப்போய்ப் புதைத்திருந்தேன். அப்புறம் மழைக்காலத்தில் அலை ஏறி வந்ததால், கடையை அந்தப் பக்கமாகவே நகர்த்திப் போட்டேன்.

"நான்தான் மேடம் பொதச்சேன்! நானேதான் பொதச்சேன்!" என்று துள்ளிக் குதித்தேன். இவ்வளவு சந்தோஷமாக யாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டியதும் ஆமையின் ஓடும் வந்தது.

"தெனம் பாக்குற ஆமைதான். தோலோட பாத்தாத்தான நமக்குத் தெரியும்" என்று கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

எஸ்.ஐ. மட்டும் போகிற போக்கில் சொன்னார். "ஆமை சரி. ஆள் எங்க?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பயம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. அந்த மனுஷன் இருக்கிறாரா, இல்லையா என்று நான் ஒருநாள்கூட யோசித்ததில்லையே!

மறுநாள் காலை கடை திறக்கும்போது மூக்கில் வந்து அடித்தது, கருவாட்டு வாடை. ஓடினேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அதே இடத்தில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார். அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று ஊர் நம்பியிருந்த அவர் மகள், மதுராந்தகத்துக்குக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்து வைத்திருக்கிறாள். போனைத் தொடக்கூடாது என்று அணைத்தும் வைத்துவிட்டாள்.

"இன்னா, கை கீதான்னு பாக்க வந்தியா?" என்றார். பஸ் நிறுத்தத்திலேயே கதை அவர் காதுக்குப் போயிருந்தது.

அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"வுடுப்பா, நாத்தம் ஒட்டிக்கும். அப்புறம் உன் டீய எவன் குடிப்பான்?"

இன்றைக்கும் அதே இடத்தில்தான் காயப்போடுகிறார். எனக்கும் சண்டை போடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் அந்த வாடை வரவில்லையென்றால், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறேன். ஒரு மனுஷன் இருக்கிறானா, இல்லையா என்பதை எலும்பு வந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, செத்துப்போன ஓர் ஆமை நீட்டிய கை.