குடிலில் வைத்த களிமண் முறுக்கு

உலகச் சண்டைக்காலத்தில் வந்த, பாலன் பிறந்த நத்தார்த் திருநாள் ஒன்றை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் அடிக்கும்.

அந்த வருசம் எங்கள் வீட்டில் பலகாரத்துக்கென்று எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறவில்லை. கோதுமை மா கண்ணால் காணவும் கிடைக்காது. கூப்பனுக்கு வரும் அரிசி கஞ்சிக்கே காணாது. சீனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் நத்தார் வராமல் இருக்குமா? வருசா வருசம் முன் அறை மூலையில் பாலன் குடில் கட்டுவது என் வேலை. ஆடு, மாடு, இடையர் எல்லாம் களிமண்ணில் நானே பிடிப்பேன். குடிலுக்கு முன்னால் ஒரு பெரிய பீங்கான் நிறையப் பலகாரம் வைப்போம். பூசை கண்டு வந்த பிறகுதான் யாரும் அதில் கை வைக்கலாம். பாலனுக்கு முன்னால் வெறும் பீங்கானை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வவுணதீவு வயல் வட்டைக்குள் இருந்து குடிலுக்கென்று கொண்டுவந்த களியில் பாதி மிச்சம் கிடந்தது. நல்ல களி. ஒரு கல் இல்லை. பிசைந்தால் மாவேதான். அதை முறுக்கு உரலுக்குள் அடைத்துப் பிழிந்தேன். சுட்ட முறுக்குக் கூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

மனைவி குசினியில் இருந்து வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னங்க, உரலுக்குள்ள மண்ணா?"

"கழுவினாப் போகும்."

"பாலனுக்கு மண்ணையா காட்டப் போறீங்க?"

"ஆடு மண், மாடு மண், சூசையப்பரும் மண். பலகாரம் மட்டும் மாவில இருக்க வேணுமா?"

"சூசையப்பர இதுக்குள்ள இழுக்காதீங்க" என்று நெற்றியில் சிலுவை போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு புதுச் சீப்பை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். களியைத் தட்டிச் சீப்பின் மேல் வைத்து உருட்டினால் சிப்பி மாதிரி வரி விழும். அப்படிச் சோகி செய்தாள். பயற்றம் உருண்டையும் பிடித்தோம். நிழலில் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். அப்போதுதான் சட்டியில் இருந்து எடுத்த மாதிரி மினுங்கியது.

மகளையும் கூப்பிட்டேன். தலையிடி என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அவளைப் பற்றித்தான் எங்களுக்கு முழுக் கவலையும். கலியாணம் முடித்து ஐந்தாம் வருசம். இரண்டு தரம் வயிற்றில் தங்கி இரண்டு தரமும் கரைந்து போயிற்று. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பான். மருமகனும் எங்களோடுதான் இருந்தார். அவரின் தாய் பெரியகல்லாற்றில் தனியே இருந்தா. கடும் வாய்க்காரி. நத்தாருக்கு வருவேன், போகும்போது என் மகனையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தா. வேதக்காரருக்குக் கோயிலில் கட்டின கட்டு முறியாது. ஆனால் தாய் வந்து மாப்பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போனால் வாழ்வு முறிந்தது முறிந்ததுதான். மருமகன் நல்ல மனிசன். தாய்க்கு மட்டும் மறுவார்த்தை சொல்லத் தெரியாது.

சொன்னபடியே வந்தா. மாட்டுக் கரத்தையில் இருந்து இறங்கும்போது ஒரு மரப்பெட்டியும் இறங்கியது. அது வெறும் பெட்டி. மகனின் உடுப்புகளை வைக்கக் கொண்டுவந்தது. அதைக் கண்டதும் என் மனைவி குசினிக்குள் போய்விட்டாள்.

முன் அறைக்குள் வந்தவவின் கண் பீங்கானில் விழுந்தது.

"தம்பி, இந்தக் காலத்தில இவ்வளவு மாவுக்கு எங்க போனீங்க?" என்று ஒரு முறுக்கை எடுத்தா. எடுத்த கை பாரத்தில் தாழ்ந்தது.

"மண் அக்கா. சும்மா வடிவுக்கு."

முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு மெல்லத் திரும்ப வைத்தா.

"ஓம். இந்த வீட்டில எல்லாம் பார்வைக்குத்தானே."

மகள் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். அவளுக்குக் கேட்டது. செம்பை வைத்துவிட்டுப் போனாள். அன்று இரவே மருமகனின் உடுப்புகளைத் தாய் அந்தப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டா.

அடுத்த நாள் விடிய நான் செபம் சொல்லக் குடிலடியில் முழங்காலில் இருந்தபோது பீங்கான் குறைந்திருந்தது. சரியாகப் பார்த்தால் சில முறுக்குகள் இல்லை. ஒரு ஆட்டுக்குக் காலும் இல்லை. குடிலில் கை வைக்கிற கள்ளன் உலகத்தில் உண்டா?

"எலிதான்" என்றாள் மனைவி.

"எலி மண் தின்னுமா?"

"எண்ணெய் பூசினமே. எலிக்கும் சண்டைக்காலம்தானே. ரெண்டு உருண்டைக்குள்ள பாசாணம் வச்சு விடுங்க, சரி வரும்."

பாசாணம் வீட்டில் இருந்தது. எடுக்கவும் போனேன். பிறகு பாலன் பிறக்கிற காலத்தில் அவருக்கு முன்னாலேயே ஒரு சீவனைக் கொல்வதா என்று மனம் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் குடிலில் முளைக்கப் போட்ட நெல்லுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் குருத்தோலை வெட்ட வெளியே போனேன். கத்தியை மறந்துபோனதால் உடனே திரும்பி வந்தேன்.

மகள் குடிலுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். மடியில் அரை முறுக்கு. கண் மூடியிருந்தது. வாய் அசைந்தது. பல்லில் மண் அரைபடுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற நேரத்தில் கூட அவள் முகத்தில் அப்படி ஒரு ஆறுதலை நான் கண்டதில்லை.

பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒரு நினைப்பு. பேய் என்று ஒரு நினைப்பு. அதற்குப் பின்னால் பாசாணம் ஞாபகம் வந்தது. அந்த உருண்டைகளில் இரண்டுக்குள் நான் வைத்திருந்தால்? ஓடிப்போய் அவளின் தாடையைப் பிடித்து விரலை வாய்க்குள் விட்டேன்.

"துப்பு புள்ள. துப்பு."

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் சம்பந்தி அக்காவும் வந்தா. நான் முறுக்கைப் பின்னுக்கு ஒளித்தேன். மகனைக் கூட்டிப்போக அவவுக்கு வேறு காரணமே வேண்டியதில்லை. பைத்தியம் என்று ஒரு சொல் போதும்.

"என்ன அது? காட்டுங்க தம்பி."

காட்டினேன். அவ என்னைப் பார்க்கவில்லை. மகளுக்கு முன்னால் குந்தி, சீலைத் தலைப்பால் அவள் உதட்டில் இருந்த மண்ணைத் துடைத்தா.

"எத்தினை மாசம்கா?"

எனக்கு விளங்கவில்லை. மகள் குனிந்த தலை நிமிரவில்லை.

"மூணு, மாமி."

"அவனுக்குச் சொன்னியா?"

"இல்ல."

"அம்மாவுக்கு?"

"இல்ல. முந்தி ரெண்டு தரமும் எல்லாருக்கும் சொன்னம். சொன்ன உடனே கரைஞ்சி போச்சு. அதால மாதாவுக்கு மட்டும்தான் சொன்னன்."

ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் தாய்க்குத் தெரியவில்லை, தகப்பனுக்குத் தெரியவில்லை, புருசனுக்குத் தெரியவில்லை. ஊரில் இருந்து வந்தவ மண்ணைக் கண்டதும் அறிந்துவிட்டா.

"இவன் வயித்தில கிடக்கக்குள்ள நான் அடுப்புக்கட்டியச் சுரண்டித் திண்டனான்" என்றா அக்கா. "அடுப்பு ஒரு பக்கம் சரிஞ்சி போச்சு. சோத்துப் பானையும் சரிஞ்சுது. என்ட மாமி தென்னமட்டைய எடுத்தா. நீங்க விரலத்தானே விட்டீங்க தம்பி, பரவாயில்ல."

நிலத்தில் அழுதுகொண்டிருந்த என் மனைவி அழுகையோடேயே சிரித்தாள்.

அந்த நேரம் மருமகன் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார். தாய் எழும்பி, "மனே, பெட்டியில இருக்கிற உன்ட உடுப்ப வெளிய எடு" என்றா.

இப்போதே புறப்படச் சொல்கிறா என்று நினைத்து அவர் முகம் கறுத்தது. "அம்மா, திருநாளாவது முடியட்டும்" என்றார். தாய்க்கு அவர் சொன்ன முதல் மறுவார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

"உடுப்ப வெளிய எடு எண்டன். பெட்டி எனக்கு வேணும். திருநாள் முடிய ஊருக்குப் போய் என்ட சீலைகள அதுக்குள்ள அடுக்கிக் கொண்டு வா. இவள் பெறுமட்டும் நான் இஞ்சதான். இந்த வீட்டில ஒருத்தருக்கும் கண் தெரியாது."

என் மனைவியின் சிரிப்பு அத்தோடு நின்றது.

மகளை அக்கா கிணற்றடிக்கு விடவில்லை. உலக்கை தொட விடவில்லை. களிமண் பலகாரம் முழுவதையும் அக்கா தன் கையாலேயே ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டா. மண் ஆசை வரும் நேரம் வாயில் போட ஒரு நெல்லிக்காய் கொடுப்பா. வீட்டில் குரல் உயர்த்தினது அவ மட்டும்தான். நாங்கள் மூச்சு விடவும் அவவைக் கேட்க வேண்டியிருந்தது.

ஆனி மாதம் பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி வெளியே வந்து இரண்டு பேரும் சுகம் என்று சொன்னபோது நானும் அக்காவும் செபமாலையோடு வாசலில் முழங்காலில் இருந்தோம். நான் எழும்பிவிட்டேன். அவ எழும்பவில்லை. கால் விறைத்துவிட்டதாக்கும் என்று கை கொடுக்கக் குனிந்தேன். அந்த மனிசி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தா. நானும் மறுபடி முழங்காலில் இருந்தேன்.