பி. தேசப்பன் என்று இங்கே யாரும் இல்லை

போன மாதம் ஒரு பொய் சொன்னேன். வயதுக்கும் படிப்புக்கும் கொஞ்சமும் பொருந்தாத பொய். அதைச் சொல்லிவிட்டு நான் நடுங்கிய நடுக்கம் இருக்கிறதே... எழுதினாலாவது குறைகிறதா பார்க்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை டீக்கடை. பைக்கில் ஒருவர் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் தூக்கினார். செல்போனைப் பார்த்து, "பி. தேசப்பன் இந்தத் தெருவா சார்?" என்றார்.

இனிஷியலோடு பெயர் கேட்டு வந்த ஆள் நல்ல சேதி கொண்டுவந்ததாக எங்கள் தெருவின் சரித்திரத்தில் இல்லை. பைனான்ஸ்காரர் வருவார், போலீஸ் வரும், கோர்ட் ஆள் வருவார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கொட்டாவி போல, தானாக வரும்.

"அப்படி யாரும் இல்லையே சார்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு வெறும் 'இல்லை' போதுமா? முன்பு இருந்தார், காலி செய்துவிட்டார், மாதவரம் பக்கம் பால் வண்டி ஓட்டுகிறாராம், மனைவியோடு ஏதோ மனஸ்தாபம் என்று கேள்வி... சரளமாக வந்தது. அவர் செல்போனில் தட்டிக்கொண்டே இருந்தார். என் பெயரைக் கேட்டார். என் மைத்துனர் பெயரைச் சொன்னேன்.

தேசப்பன் என் எதிர் வீடு. காசிமேட்டில் ஒரு ஐஸ் பாக்டரியின் மெஷின்களைக் கட்டி மேய்க்கும் மெக்கானிக். நியூசிலாந்தில் ஒரு மீன் கம்பெனி அவனைத் தன் குளிர்பதனக் கிடங்குக்குக் கூப்பிட்டிருந்தது. விசாவுக்குக் கம்பெனியே பொறுப்பு. குடும்பத்தோடு போகலாம். அந்த விண்ணப்பத்தின் இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்ததே நான்தான்!

அன்று சாயங்காலம் தேசப்பனின் மனைவி கலைச்செல்வி செல்போனோடு வந்தாள். "மெயில் வந்துகீது அண்ணா. இன்னா போட்டுகீதுன்னு பாரேன்."

பார்த்தேன். கொடுத்த முகவரியில்தான் இருக்கிறாரா என்று விசாரிக்க ஆள் வருவாராம். அவர் அறிக்கை போன பிறகுதான் கம்பெனி விசா வேலையைத் தொடருமாம். விவரம் பொருந்தாவிட்டால் வேலை ரத்து.

கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதைத் தமிழில் சொன்னேன். டீக்கடையில் நான் கதை சொல்லித் திருப்பி அனுப்பியது அவரைத்தான்.

வேலையை விடுவதாகத் தேசப்பன் ஏற்கெனவே பாக்டரியில் சொல்லிவிட்டான். அவன் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. விசா போனால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. மெயிலில் இருந்த நம்பருக்குத் திருட்டுத்தனமாகப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. இணையத்தில் தேடினேன், தேடியிருக்கக் கூடாது. ஒருமுறை தப்பான தகவல் என்று பதிவாகிவிட்டால் எந்த நாட்டு வாசலிலும் அது முன்னால் வந்து நிற்கும் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். முகம் தெரியாத ஓர் அதிகாரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'பால் வண்டி, மனஸ்தாபம்' என்று படிப்பது போலவே இருந்தது.

பைக் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். கேட்காவிட்டால் தெருமுனைக்கே ஓடினேன். மைத்துனர் ஏதோ விசேஷத்துக்குக் கூப்பிடப் போன் செய்தார் — எடுக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு நாட்டை விட்டுப் போக வேண்டுமானால் முதலில் அங்கே இருப்பதாக நிரூபிக்க வேண்டும். தெரியாத ஆள் கேட்டால் இல்லாமல் போய்விடுவதையே பழகிவைத்திருக்கும் தெருவுக்கு, இது எவ்வளவு பெரிய தண்டனை?

இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். தேசப்பன் என்னை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ண்ணா... அந்த ஆளு மொதல்ல என்னாண்டதான் கேட்டான்."

"உன்கிட்டயா?"

"மார்க்கெட்லேர்ந்து வந்துகினு இருந்தேன். தேசப்பன் வூடு எதுன்னான். தெர்யாது சார், நான் இந்த ஏரியாவே இல்லன்னுட்டேன். வாய்ல தானா வந்துச்சுண்ணா."

இத்தனை நாளாக அவனும் இதை வீட்டில் சொல்லவில்லை. கலைச்செல்வி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாண்ட கேட்டிருந்தா எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலன்னு சொல்லியிருப்பேன். அது ஒண்ணுதான் பாக்கி."

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரமே நின்றது. மடித்துவைத்திருந்த புது ஸ்வெட்டரை அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எனக்கு வேற பயம் அண்ணா. இங்க இவருக்காகப் பொய் சொல்றதுக்கு நீ கீறே, டீக்கடை கீது. அந்த ஊர்ல எவன்னா வந்து கதவத் தட்டுனா எங்களுக்கு யாரு கீறா?"



மறுநாள் காலையில் ஹெல்மெட் திரும்ப வந்தது. நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சாக்கடை ஓரம் தங்கிவிட்டது. டீக்கடையே எழுந்து நின்று வழி காட்டியது. தேசப்பனை வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். ஆதார் அட்டையை அவன் ஒருமுறை தலைகீழாகவும் ஒருமுறை முகத்தை மறைத்தும் பிடித்ததால் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தார் சாட்சிக்கு நான் நின்றேன், இந்தமுறை சொந்தப் பெயரில். அவர் என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பிறகு என் பெயரைச் செல்போனில் தட்டிக்கொண்டார். ஏன் இரண்டு பெயர் என்று கேட்டிருந்தால் தேவலை.

போன வாரம் விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். கலைச்செல்வியின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் என் கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. அவர் பைக்கை எடுக்கும்போது பின்னாலேயே போய், அன்று நான் சொன்னதையெல்லாம் அறிக்கையில் எழுதிவிட்டீர்களா என்று மெல்லக் கேட்டேன்.

"'வீடு பூட்டியிருந்தது'ன்னு போட்டுட்டேன் சார்," என்றார். "நீங்க சொன்னது ரொம்ப நீளம்."