தாளம் தப்பியதாகக் கையொப்பமிட்ட மூவர்

அரியலூர்த் தனியார் பள்ளி ஒன்றின் இசையாசிரியர் தேர்வுக் குறிப்பில், ‘தாள உணர்வு இல்லை’ என்று ஒரு பெண்ணைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. அதன்கீழ் உள்ள மூன்று கையொப்பங்களுள் ஒன்று என்னுடையது. அக்குறிப்பு பொய் என்பதை மற்ற இருவரும் எழுதப்போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

ஒருவர் பள்ளித் தாளாளர். முந்திரி வணிகத்தில் பொருளீட்டியவர். இசையில் அவர் அறிந்தது ஒலிபெருக்கியைக் கூட்டுவதும் குறைப்பதும். இன்னொருவர் பெரம்பலூரில் கீபோர்டு வகுப்பு நடத்துபவர். தம் சான்றிதழ்களால் சுவரை மறைத்தவர். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியனாகிய நான் அவையை நிரப்ப அழைக்கப்பட்டேன்.

அப்பெண் திருமானூர்க்காரர். திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவுக்குப் பல்லாண்டுகள் கீபோர்டு வாசித்தவர். இவ்வேலை கிடைத்தால் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை, மகளையும் இங்கேயே படிக்க வைக்கலாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்.

“வெஸ்டர்ன் ஏதாவது வாசிம்மா” என்றார் வகுப்புக்காரர். அப்பெண் ராக்டைம் வாசித்தார்.

ராக்டைம், அடிமைத்தளை நீங்கியபின் வந்த தலைமுறையில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் மதுக்கடைப் பியானோக்களில் வளர்த்த இசை. இடக்கை படைநடைபோல் பிசகாது செல்லும். வலக்கை அவ்வடிகளுக்கு முந்தியும் பிந்தியும் விழுந்து துள்ளும். பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியின் துடிப்பும் ஆடுவோர் காலடியும் அதில் உண்டு. பின்னர் அது இசைக்குறிப்பாக அச்சேறியது. ஆயினும், தாளில் கண்டதை மட்டும் ஒப்பிப்பவனுக்கு அக்கடைகளில் மதிப்பில்லை. அந்நாளைய கற்றோர் பலர் அதை இழிந்ததென்று ஒதுக்கினர். கற்றோர் எங்கும் ஒரே வகையினர்.

இருமுறை தாளில் உள்ளபடி வாசித்த அப்பெண், மூன்றாம் முறை தம் போக்கில் விரித்தார். உடனே வகுப்புக்காரர் எட்டி, கீபோர்டிலேயே இருக்கும் தானியங்கித் தாளப் பொத்தானை அழுத்தினார். எந்திரம் தட்டத் தொடங்கியது.

“நிறுத்தும்மா. மெஷின் ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற.”

“அப்படித்தான் சார் போவணும். இடது கையக் கேளுங்க, வுடாம நிக்குது. வலது கைதான் வெளாடுது.”

“நோட்ஸ்ல இப்படி இல்லியே?”

“நோட்ஸ்ல இருக்கறத ரெண்டு தடவ வாசிச்சுட்டேன் சார். மூணாவது என்னோடது. சிறுவாச்சூர் கோயில்ல சாமியாடுற அம்மா நோட்ஸ் பாத்தா ஆடுது? அது காலு எங்க வுழுதோ அங்க நம்ம கை போவணும்.”

தாளாளர் சிரித்தார். “ஏம்மா, இங்க புள்ளைங்களுக்கும் சாமி வர வைக்கப் போறியா?”

“வந்தா நல்லதுதானுங்க. பிரேயர்ல தூங்காதுங்க.”

தாளாளரின் சிரிப்பு நின்றது. அப்பெண் என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நீங்க சொல்லுங்கய்யா. தாளம் தப்பிச்சா?”

தப்பவில்லை. அவ்விசையைப் பற்றிப் படித்தவன், விரும்பிக் கேட்டவன் நான். மனிதக் கையை எந்திரத்தால் அளக்கும் மடமையை ஒரு சொல்லால் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் அப்பள்ளி அரங்கில் என் கட்டுரைத் தொகுப்பு வெளியாகவிருந்தது; தாளாளரே முன்னின்று நடத்துவதாகச் சொல்லியிருந்தார்.

“குழு ஆராயும்” என்றேன்.

அப்பெண் எழுந்தார். “போயிட்டு வரேங்கய்யா” என்று பையை எடுத்துக்கொண்டு போனார். வகுப்புக்காரர் குறிப்பை எழுதி நீட்டினார். நானும் ஒப்பமிட்டேன்.

பொத்தானை அழுத்திவிட்டு அதன் பின்னே விரலோட்டும் ஒருவர் இப்போது அங்கே இசை கற்பிக்கிறார். அப்பெண் இன்னும் திருவிழா மேடைகளில் வாசிக்கிறார். என் நூல் வெளியானது. முதற்படி பெற்ற தாளாளர் இன்றுவரை அதைப் பிரித்தாரில்லை. அவருடைய நல்லெண்ணத்தின் விலை அவ்வளவே. அதற்காக நான் விற்றது அப்பெண்ணின் பிழைப்பை.

ராக்டைம் குறித்து இங்கே எழுதியவை நூல்வழி அறிந்தவை. பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. அவ்வறையில் நடந்ததை நான் எங்கேனும் எனக்குச் சாதகமாக வளைத்திருந்தால் அப்பெண்ணே திருத்தட்டும். மற்ற இருவருக்கும் அந்தத் தகுதி இல்லை.